திரும்பத் திரும்ப வரும் அக்குள் கட்டியும் சர்க்கரை நோயும்: இரண்டையும் சேர்த்துச் சமாளிப்பது எப்படி?

அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடி, பிட்டம் ஆகிய இடங்களில் வலியுடன் எழும் கட்டி உடைந்து ஆறி, ஆறு மாதத்துக்குள் இரண்டு மூன்று முறை மறுபடியும் வந்தால், அதைச் சூட்டுக் கட்டி என்று ஒதுக்கிவிடாமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது ஹைட்ரடெனைட்டிஸ் சப்புரடிவா என்னும் நாட்பட்ட நோயாக இருக்கலாம். மயிர்க்கால்களின் வாய் அடைபட்டு, அவை தோலுக்கு உள்ளேயே வெடிப்பதால் அழற்சி உண்டாகிறது. காலப்போக்கில் கட்டிகளுக்கு இடையே சீழ் ஓடும் சுரங்கங்கள் உருவாகின்றன. இது அழுக்கால் வருவதன்று, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமன்று. இதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் பலர் வெட்கத்தாலேயே ஆண்டுக்கணக்கில் மறைத்துவிடுகிறார்கள்.

கட்டி வீங்கியிருக்கும் நாட்களில் இன்சுலினின் வேலை மந்தமாகி, சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லாதபோதும் சர்க்கரை ஏறும். ஏறிய சர்க்கரை புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் மட்டும் இந்தக் கட்டிகள் நின்றுவிடும் என்று எண்ணக் கூடாது. ஆனால் அது கட்டுக்குள் இல்லாதவரை மற்ற சிகிச்சைகளும் முழுப் பலன் தருவதில்லை. ஆகவே கட்டி எழுந்த தேதி, இடம், அன்றைய சர்க்கரை அளவு, பெண்களானால் மாதவிடாய் நாள் ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுதி, தோல் மருத்துவர், சர்க்கரை மருத்துவர் இருவரிடமும் அதையே காட்டுங்கள். பசியில்லை என்பதற்காக இன்சுலினை நீங்களாக நிறுத்தக் கூடாது. வீக்கமோ தழும்போ உள்ள இடத்தில் ஊசி போடவும் கூடாது.

குளிக்கும்போது மருத்துவர் சொல்லும் குளோர்ஹெக்சிடின் அல்லது பென்சாயில் பெராக்சைடு என்னும் கிருமிநாசினித் திரவத்தைத் தடவி, சில நிமிடங்கள் விட்டுக் கழுவலாம். பின்னது துண்டையும் சட்டையையும் வெளுத்துவிடும் என்பதால் பழைய துண்டைப் பயன்படுத்துங்கள். பீர்க்கங்கூட்டால் தேய்ப்பதும், அந்த இடத்தில் சவர பிளேடு வைப்பதும், கட்டியைப் பிதுக்குவதும் வேண்டாம். சுண்ணாம்பைக் குழைத்துப் பூசும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சுண்ணாம்பு தோலை வேகவைத்துவிடும், சர்க்கரை உள்ளவருக்கு அந்தப் புண் ஆற வெகுநாளாகும். வெந்நீர் ஒத்தடம் வலியைக் குறைக்கும் என்றாலும், நரம்பு மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது என்பதால் வேறொருவர் முழங்கையால் சூட்டைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். தளர்வான பருத்தி உடை, புண்ணில் ஒட்டாத கட்டுத்துணி, புகைப்பதை நிறுத்துதல், எடையைக் குறைத்தல் ஆகியவையும் உதவும்.

கீறிச் சீழை எடுத்தால் அன்றைய வலி தணியும். ஆனால் கட்டி பெரும்பாலும் அங்கேயே திரும்பிவிடும். நிலைக்கேற்பக் கிளிண்டாமைசின் என்னும் ஆன்டிபயாடிக் பூச்சு, வாரக்கணக்கில் டாக்சிசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக் மாத்திரை, சுரங்கத்தின் கூரையை அகற்றும் அறுவை, நோய் கடுமையாக உள்ளவர்களுக்கு அழற்சியைத் தணிக்கும் அடலிமுமாப் ஊசி என வழிகள் உண்டு. அடலிமுமாப் தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை அவசியம். ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை ஏறும் என்பதையும், ரிஃபாம்பிசின் என்னும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளின் வேகம் குறையும் என்பதையும் நினைவில் வைத்து, சர்க்கரை மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

குளிர் காய்ச்சல், சில மணி நேரத்தில் பரவும் சிவப்பு, கட்டியின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலி, தோல் கறுத்தல், வாந்தியுடன் ஏறும் சர்க்கரை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். பிறப்புறுப்பைச் சுற்றி வலியும் வீக்கமும் வந்தால், டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் அந்த மாத்திரை சாப்பிடுவதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இவ்வகை மருந்துகளோடு அங்கே அரிதாகத் தசையழுகல் நோய் வருவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்திருக்கிறது. புறப்படும்போது மாத்திரை அட்டைகளையும் அந்த நோட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.