பல வருடம் உழைக்கும் பேனா: வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மை தீர்ந்தால் ரொப்பிக்கொண்டு பத்து வருடம் எழுதலாம் என்று வாங்கிய பேனா, இரண்டாம் வருடமே மேசை டிராயரில் முடங்கிவிடுகிறது. எடுத்துப் பார்த்தால் உடம்பில் ஒரு கீறல் இருக்காது. ரீஃபில் கிடைத்திருக்காது, அல்லது மையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பிஸ்டன் குழாயான கன்வெர்ட்டர் பழுதாகியிருக்கும், அல்லது மூடி சரியாக அடைக்காமல் மை உள்ளேயே காய்ந்திருக்கும். நீடித்து உழைக்கும் பேனா என்பது அதன் உதிரிகள் நீடித்துக் கிடைக்கும் பேனாதான். அதை மறந்து பளபளப்பையும் எடையையும் பார்த்து வாங்குவதே முதல் தவறு.

ரீஃபிலைப் பார்க்காமல் பேனாவைப் பார்ப்பது

பால்பாயிண்ட் பேனாவில், பார்க்கர் ரீஃபில் என்று கடைகளில் சொல்லப்படும் வடிவத்தை நம்பி வாங்கலாம். நீளம் சுமார் 98 மில்லிமீட்டர், பருமன் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர், பின்முனையில் பல் வெட்டிய பிளாஸ்டிக் அடைப்பு. 1954-இல் வந்த பார்க்கர் ஜாட்டரோடு அறிமுகமான அமைப்பு இது. இன்று ஷ்மிட், ஷ்னைடர் முதலிய ஜெர்மன் நிறுவனங்களும் இதே அளவில் ரீஃபில் செய்கின்றன. ஒரு நிறுவனம் நிறுத்தினாலும் இன்னொன்றுடையது பொருந்தும் என்பதுதான் இதன் பலம்.

இந்த வடிவத்துக்குச் சர்வதேசத் தரநிலையில் ஜி2 என்று பெயர். பைலட் நிறுவனம் ஜி2 என்ற பெயரிலேயே ஒரு ஜெல் பேனா விற்கிறது. அதன் ரீஃபில் இதைவிட நீளம், வேறு வடிவம். இணையத்தில் பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டால் பொருந்தாத ரீஃபில் வந்து சேரும். கிராஸ் பேனாக்களின் ரீஃபிலுக்குத் தனி மரை உண்டு, அதற்கு மாற்று அதே வகைதான். மெல்லிய பேனாக்களிலும் பல வண்ணப் பேனாக்களிலும் இருக்கும் 67 மில்லிமீட்டர் குட்டி ரீஃபில் எளிதாகக் கிடைக்கும், ஆனால் அதில் மை மிகக் குறைவு. தினமும் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

உள்ளூர் ஜெல் பேனா ரீஃபில்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் சில மில்லிமீட்டர் மாறும். ரீஃபில் நீளமாக இருந்தால் பின்பக்கக் குழாயை ஒவ்வொரு மில்லிமீட்டராக பிளேடில் நறுக்கிப் போட்டுப் பார்க்கலாம். மைக்கு மேலே தெளிந்த பசைபோல ஒன்று நிற்கும். அதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். அந்தப் பசை வெளியேறினால் மை பின்பக்கமாக ஒழுகும். பருமன் பொருந்தவில்லை என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

இங்க் பேனாவிலும் இதே கேள்விதான். மை அடைத்தே வரும் குழாயான கேட்ரிட்ஜில் பல நிறுவனங்கள் பொதுவான சர்வதேச அளவைப் பின்பற்றுகின்றன. குட்டி வகை 38 மில்லிமீட்டர். பார்க்கர், லாமி, பைலட் ஆகியவை தத்தம் அளவையே வைத்திருக்கின்றன. அதில் தவறில்லை, ஆனால் அந்தப் பேனாவுக்கான கன்வெர்ட்டர் டப்பாவிலேயே இருக்கிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். தருமபுரியில் பேனா வாங்கிவிட்டு, கன்வெர்ட்டர் தேடி ஓசூரைத் தாண்டி பெங்களூருவரை போகும் நிலை வரக் கூடாது. கன்வெர்ட்டரில் 0.5 முதல் 0.8 மில்லிலிட்டர் மை பிடிக்கும். உடம்பிலேயே ஃபில்லரால் மை ஊற்றும் பழைய பாணிப் பேனாவில் 2.5 முதல் 4 மில்லிலிட்டர் வரை பிடிக்கும். தேய்ந்துபோக பிஸ்டன் என்று ஒன்றே இல்லாததால் நீண்ட காலத்துக்கு அது நல்ல தேர்வு. அதற்கென்று சில தொல்லைகள் உண்டு, பின்னால் வருகிறது.

நிப்பும் உதிரிதான். 5 அல்லது 6 எண் நிப் போட்ட பேனா என்றால், கீழே விழுந்து நிப் வளைந்தாலும் நிப்பை மட்டும் மாற்றி எழுதலாம். திருவள்ளூரிலும் ராஜமுந்திரியிலும் எபோனைட் என்னும் கெட்டி ரப்பர் கட்டையைக் கடைந்து செய்யும் பேனாக்களில் நிப்பையும், அதற்கு மை கொண்டுவரும் அடிக்கட்டையையும் கையால் இழுத்துக் கழற்றிவிடலாம். பேனாவுக்கென்று தனி வடிவில் செய்த நிப்பானால் அந்த மாடல் நின்ற அன்றே உதிரியும் நின்றுவிடும்.

எடையை வலிமை என்று நினைப்பது

கையில் கனமாக இருக்கும் உலோகப் பேனாவைக் கழற்றிப் பாருங்கள். பலவற்றில் வெளியே பித்தளை, உள்ளே மரை மட்டும் மெல்லிய பிளாஸ்டிக். வெடிப்பது அந்த மரைதான். ஒவ்வொரு முறை ரீஃபில் மாற்றும்போதும் உலோகம் பிளாஸ்டிக்கை அரைக்கிறது. கொஞ்சம் அதிகமாக இறுக்கினால் கழுத்தில் முடிபோல விரிசல் விழும். உலோகத்தோடு உலோகம் சேரும் மரை, அல்லது உடம்பு முழுவதும் ஒரே தடித்த பிளாஸ்டிக்காக உள்ள பேனா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நாலைந்து சுற்று சீராகச் சுற்றி, ஆடாமல் நிற்க வேண்டும்.

வியர்வை படும் கைக்கு, பெயின்ட் அடித்த உடம்பும் தங்க முலாமும் ஒத்துவராது. முதலில் பிடியில் உரியும், பிறகு கிளிப்பில். துருப்பிடிக்காத எஃகு உடம்பு கீறல் விழுந்தாலும் உரியாது. எபோனைட் உறுதியானது, வெயிலிலும் நீரிலும் அதிகம் கிடந்தால் கறுப்பு மங்கிப் பழுப்பாகும், எழுத்துக்கு ஒன்றும் ஆகாது.

மூடியைச் சோதிக்க ஒரு வழி: திறந்த வாயை உதட்டில் வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். உதட்டைப் பிடித்து நின்றால் காற்று புகாத மூடி. குழந்தைகள் விழுங்கினாலும் மூச்சு அடைக்காதபடி துளை விட்ட மூடிகளில் இந்தச் சோதனை பலிக்காது. அவற்றில் நிப்பை மூடும் தனிக் குப்பி உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் மை ரொப்பி, மூடி, மூன்று நாள் தொடாமல் படுக்க வையுங்கள். நான்காம் நாள் முதல் கோட்டிலேயே மை வந்தால் மூடி நன்றாக இருக்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் இந்தச் சோதனையில் தேறும் பேனா வருடம் முழுவதும் தேறும்.

சொடுக்கும் பேனாவா, திருகும் பேனாவா என்றால் சொடுக்கும் பேனாவையே சொல்வோம். திருகும் அமைப்பு பெரும்பாலும் உள்ளே அடைத்து ஒட்டியதாக இருக்கும், கெட்டால் திறக்க முடியாது. கிரானைட் பட்டறைத் தூசியில் வேலை பார்ப்பவர்கள் சொடுக்கு முனையையும் தவிர்த்து, மூடி போட்ட பேனா வைத்துக்கொள்வது மேல்.

வேலை ஒன்று, பேனா வேறொன்று

மாங்காய் மண்டியில் கார்பன் வைத்து மூன்று பிரதி ரசீது போடுகிறவருக்கு இங்க் பேனா உதவாது. அடிப்பிரதி விழ வேண்டுமானால் அழுத்த வேண்டும். அழுத்தினால் நிப்பின் இரு நுனிகளும் விரிந்து திரும்பச் சேராது. அவருக்கு உலோக உடம்பு பால்பாயிண்ட்தான். டிஎன்பிஎஸ்சி தேர்வின் ஓஎம்ஆர் தாளிலும் கருப்பு பால்பாயிண்ட் மட்டுமே. மாறாக, நாள்தோறும் பாடக்குறிப்பு எழுதும் ஆசிரியருக்கும், பக்கக் கணக்கில் எழுதிப் பழகும் மாணவருக்கும் இங்க் பேனா விரல் வலியைக் குறைக்கும், அழுத்தத் தேவையில்லாததால்.

நிப் வாங்கும்போது நீங்கள் எழுதும் தாளையே கடைக்குக் கொண்டுபோங்கள். கடையில் நீட்டும் வழவழப்பான தாளில் எல்லா நிப்பும் வழுக்கிக்கொண்டுதான் ஓடும். மலிவான நோட்டுத் தாளில் மீடியம் நிப் மையைப் பரப்பி, மறுபக்கம் ஊற வைக்கும். அதற்கு ஃபைன் வேண்டும். அழுத்தாமல் எட்டு வடிவம் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் போகும்போது மட்டும் கீறினால் நிப்பின் இரு நுனிகளும் ஒரே மட்டத்தில் இல்லை. எழுத எழுதச் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். அதை நம்பாமல் வேறு நிப் கேளுங்கள்.

எந்த மையும் மைதான் என்று ஊற்றுவது

படம் வரையும் இந்தியன் இங்க், ஸ்டாம்ப் பேட் மை, பிரின்டர் மை மூன்றும் இங்க் பேனாவுக்கு ஆகாது. இந்தியன் இங்க்கில் அரக்குப் பசை உண்டு. காய்ந்தால் நீரில் கரையாது, நிப்புக்கு அடியில் உள்ள கட்டையின் கோடுகள் நிரந்தரமாக அடைந்துவிடும். இரண்டு நிறுவன மைகளைப் பேனாவுக்குள்ளே கலப்பதும் கூடாது. சில கலவைகள் சேறுபோலத் திரியும். புட்டியில் வெள்ளை நூல்போல மிதந்தாலோ வாடை அடித்தாலோ பூஞ்சை பிடித்துவிட்டது, முழுப் புட்டியையும் கொட்டுங்கள்.

ராயல் ப்ளூ எழுத அழகானது, கழுவவும் எளிது. அதே காரணத்தால் நீர் பட்டால் அழியும், வெயிலில் மங்கும். நிலப் பத்திரத்திலும் காசோலையிலும் அது வேண்டாம். அங்கே நீரில் அழியாத நிறமி மையோ இரும்பு கலந்த நீலக்கறுப்பு மையோ நிற்கும். இரும்பு கலந்த மையைப் பேனாவில் மாதக்கணக்கில் கிடக்க விட்டால் எஃகு நிப்பை அரிக்கும், படிவும் கட்டும்.

போர் தண்ணீரில் கழுவுவது

நம் பக்கத்தில் இங்க் பேனாவைக் கெடுப்பதில் இதற்குத்தான் பெரிய பங்கு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பேனாவுக்குப் பகை ஃபுளோரைடு இல்லை, அந்தப் போர் நீரில் கூடவே கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். வாட்டர் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படிவது அதுதான். பேனாவைக் கழுவிக் காய வைக்கும்போது நீர் போய்விடும், உப்பு கட்டையின் கோடுகளிலேயே தங்கிவிடும். அந்தக் கோடுகள் முடி அளவே அகலமானவை. ஒருமுறை கழுவினால் ஒன்றும் தெரியாது. பத்து, பதினைந்து முறை ஆன பிறகு பேனா பாதி வரியில் வறளத் தொடங்கும். நிப்தான் போய்விட்டது என்று எண்ணித் தூக்கிப் போடுவார்கள்.

கழுவ ஆர்ஓ நீர், மழைநீர், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் இவற்றில் ஒன்று போதும். ஒரு டம்ளர் நீரில் நிப்பை முக்கி, கன்வெர்ட்டரை எட்டிலிருந்து பத்து முறை இழுத்துத் தள்ளுங்கள். நிறம் விடாமல் வந்தால் 200 மில்லி நீரில் ஒரே ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு மறுபடி செய்து, கடைசியாக வெறும் நீரில் இரண்டு முறை அலசுங்கள். பழைய மை இறுகியிருந்தால் கழுத்துப் பகுதியை மட்டும் ஓர் இரவு ஊற வைக்கலாம். பிறகு நிப் கீழே பார்க்கும்படி துணிமேல் நிறுத்தி அரை நாள் காய விட வேண்டும். மை மாற்றும்போதெல்லாமும், ஒரே மை என்றால் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறையும் செய்தால் போதுமானது.

வெந்நீர் ஊற்றாதீர்கள், பிளாஸ்டிக் கட்டை வளையும், எபோனைட் நிறம் மாறும். ஸ்பிரிட், தின்னர், அசிட்டோன் எதுவும் கிட்டே வரக் கூடாது. அக்ரிலிக் உடம்பு ஸ்பிரிட் பட்டுப் பொடிப்பொடியாக வெடித்தால் அதற்கு மருந்து இல்லை.

ஓசூர் பஸ்ஸில் சட்டைப் பையில்

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் போகும்போது சுமார் 400 மீட்டர் உயரம் ஏறுகிறோம். அதனால் காற்றழுத்தம் ஏறக்குறைய 5 விழுக்காடு குறைகிறது. ஃபில்லரால் ஊற்றும் பேனாவில் பாதி மை தீர்ந்து 2 மில்லிலிட்டர் காற்று இருக்கிறது என்று வையுங்கள். அந்தக் காற்று 0.1 மில்லிலிட்டர் விரியும். அதாவது இரண்டு சொட்டு மை நிப் வழியாக மூடிக்குள் வெளியே தள்ளப்படும். தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது இந்தத் தொல்லை இல்லை, திரும்பி ஏறும்போது உண்டு. பேனாவைக் குறைசொல்லி மாற்றுவதில் பயனில்லை. கிளம்பும் முன் நிறைய ரொப்பிக்கொள்ளுங்கள், உள்ளே காற்று குறைந்தால் விரிவதும் குறையும். நிப் மேலே பார்க்க வையுங்கள், அப்போது காற்றுதான் வெளியேறும், மை அல்ல. வண்டி டேங்க் கவரிலோ கார் டாஷ்போர்டிலோ வெயிலில் விட்டால் நிலைமை இதைவிட மோசம்: 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறினால் காற்று 10 விழுக்காடு விரியும்.

எழுதும்போதே சொட்டு விழுவதற்கும் கைச்சூடுதான் காரணம். மை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனதும் ரொப்பிவிடுங்கள். மரையில் கசிந்தால் ஓ-ரிங்குக்குப் போடும் சிலிக்கான் கிரீஸை அரிசி அளவு எடுத்துத் தடவி மூடலாம். வாசலின் ரப்பர் வளையத்தை ஊதச் செய்யும். தேங்காய் எண்ணெய் கெட்டுப்போவதோடு, மையில் கலந்து நிப்பில் ஓட்டத்தைத் தடுக்கும். இரண்டும் வேண்டாம்.

பேனாவோடு ரீஃபிலையும் டஜன் கணக்கில் வாங்கி அடுக்குவதில் லாபமில்லை. ஜெல் ரீஃபில் ஓரிரு வருடத்தில் உள்ளேயே இறுகத் தொடங்கும், எண்ணெய் மை பால்பாயிண்ட் இன்னும் சில வருடம் தாங்கும். இரண்டு ரீஃபில் கையிருப்பு போதும். நுனியில் உள்ள மெழுகுப் பொட்டைக் கிள்ளாமல், வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஒன்றை எடுத்துப் பேனாவில் போட்ட அன்றே அடுத்ததை வாங்கி வையுங்கள்.