முகக்கவசத்துக்குள் பதறும் மனம்: பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டான உடம்பு, ஓட்டத்தில் முதல் ஆள். புகைக்குள் போகிறவர்கள் முதுகில் காற்று சிலிண்டரும் முகத்தில் கவசமுமாக அணியும் மூச்சுக்கருவியை அவர் பயிற்சியில் மாட்டிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறுவதற்குள் கவசத்தைப் பிடித்து இழுக்கிறார். ஒல்லியான இன்னொருவர் நிதானமாக அவரைக் கடந்து போகிறார். பார்ப்பவர்கள் உடனே "ஸ்டாமினா பத்தலை" என்பார்கள். முதல் தவறு அதுதான்.

எளிதில் பதறும் சுபாவம் சிலருக்கு இயல்பிலேயே உண்டு. அதை அளக்கும் கேள்வித்தாளை வைத்தே, கவசத்துக்குள் யார் திணறுவார் என்பதைப் பெருமளவு கணிக்க முடியும் என்று 1980-களிலேயே வில்லியம் மார்கன் என்ற உளவியலாளர் காட்டினார்.

பதற்றம் மூச்சை என்ன செய்கிறது என்று பாருங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 12 முறை, அரை லிட்டர் வீதம் மூச்சிழுத்தால் 6 லிட்டர். ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லி மூச்சுக்குழாயிலேயே நின்றுவிடுவதால், உடம்புக்குப் பயன்படுவது 4.2 லிட்டர். அதே 6 லிட்டரைக் கால் லிட்டராக 24 முறை இழுத்தால் பயன் 2.4 லிட்டர்தான். கவசத்துக்குள் தேங்கும் காற்றும் சேர்ந்தால் இன்னும் குறையும். கரியமில வாயு ஏறும், மூச்சு முட்டும், பயம் கூடும், மூச்சு இன்னும் மேலோட்டமாகும். இந்தச் சுழலில் இருப்பவரிடம் "நல்லா இழு, இழு" என்று கத்தாதீர்கள். "மெதுவா வெளியே விடு" என்று சொல்லுங்கள். வெளியே விடுவது நீண்டால், உள்ளே போவது தானாக ஆழமாகும். அப்படியும் அடங்காவிட்டால் துணையோடு வெளியே அழைத்து வாருங்கள். புகைக்குள் "ஒரு நிமிஷம் கழற்றிக்கோ" என்பது உயிருக்கே ஆபத்து.

எல்லோர் முன்னாலும் "யாருக்காவது பயமா?" என்று கேட்பதும் வீண். ஒருவரும் கை தூக்க மாட்டார்கள். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிப்படி, அடைபட்ட இடம் பற்றிய பயம், முன்பு கவசம் அணிந்தபோது வந்த பதற்றம் இரண்டையும் மருத்துவக் கேள்வித்தாளில் கேட்கிறார்கள். அந்தப் பதில்களை முதலாளியோ மேற்பார்வையாளரோ பார்க்கக் கூடாது. இந்த ஏற்பாடு எனக்கு மிகச் சரியாகப் படுகிறது.

கவசம் முகத்தில் கசிவில்லாமல் பொருந்திவிட்டது என்பதற்காக ஆள் தயாராகிவிட்டதாக எண்ண வேண்டாம். முதலில் மாட்டிக்கொண்டு சும்மா உட்காரட்டும். பிறகு நடை, அதன்பின் ஏணி, கடைசியில்தான் இருட்டு.

துணிச்சல்காரரையும் கவனியுங்கள். சிலிண்டரில் எழுதிய நிமிடக் கணக்கு, நிமிடத்துக்கு சுமார் 40 லிட்டர் காற்று செலவாகும் என்ற அனுமானத்தில் போட்டது. கடும் உழைப்பில் செலவு அதைப் போல இரண்டு மடங்காகலாம். 30 நிமிட சிலிண்டர் 15 நிமிடத்தில் காலியாகும். காற்று தீரப்போகிறது என்ற எச்சரிக்கை விசில் கேட்டும் "இன்னும் கொஞ்சம்" என்று நிற்பவர் இவர்தான்.

பதறுகிறவரைத் 'தேறமாட்டார்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதே ஏணி, அதே சுமை என்று வைத்து, ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் சிலிண்டர் பிரஷரை வாராவாரம் குறித்து, அந்தத் தாளை அவரிடமே கொடுங்கள். காற்றுச் செலவு குறைந்துவருவதை அவரே பார்க்கட்டும்.