தலைகீழானதும் இறங்கிய ஹெலிகாப்டர்: சரிசெய்த விதம்

காரைக்குடிப் பக்கம் கோடையில் வற்றிக் கிடக்கும் கண்மாய்தான் எனக்குப் பறக்கவிடும் களம். மரமில்லை, மின்கம்பியில்லை, ஆள் நடமாட்டமும் இல்லை. அங்கே ரிமோட் ஹெலிகாப்டரில் ஃப்ளிப் (காற்றிலேயே புரட்டும் வித்தை) பழக ஆரம்பித்ததும் ஒரே தொல்லை: புரண்டு தலைகீழானவுடன் கல்லாட்டம் இறங்கும். ரிமோட்டின் ஸ்டிக்கை அடிவரை இழுத்தாலும் தாங்காது.

காரணம் பிட்ச் கர்வில், அதாவது ஸ்டிக்கின் எந்த நிலைக்குப் பிளேடு எவ்வளவு கோணம் (பிட்ச்) சாய வேண்டும் என்ற அமைப்பில் இருந்தது. தலைகீழாக நிற்க வேண்டுமானால் பிளேடுகள் எதிர்க்கோணத்துக்குத் திரும்பிக் காற்றை மறுபக்கம் தள்ள வேண்டும். செட்டோடு வந்த அமைப்பில், ஸ்டிக் அடியில் இருக்கும்போது மைனஸ் 3 டிகிரிதான் கிடைத்தது. ஒரே இடத்தில் மிதக்கவே ஏறத்தாழ 5 டிகிரி வேண்டுமே! மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு (இதை ஒருபோதும் தவிர்க்காதீர்கள், பிளேடு விரலையே எடுத்துவிடும்) பிளேடு கோணத்தை அளக்கும் பிட்ச் கேஜை மாட்டினேன். அடியில் மைனஸ் 11, நடுவில் 0, உச்சியில் பிளஸ் 11 என்று நேர்கோடாக்கினேன். ஐடில்-அப் நிலையில் (வித்தைகளுக்காக ரிமோட்டில் மாற்றிக்கொள்ளும் நிலை) ஸ்டிக் கீழே வந்தாலும் மோட்டார் வேகம் குறையக் கூடாது. அதனால் த்ராட்டில் (மோட்டாருக்குத் தரும் சக்தி) ஸ்டிக்கின் இரு முனையிலும் 100 சதவீதம், நடுவில் 85.

பிறகு கைப்பழக்கம். நல்ல உயரத்தில் லேசாக ஏற்றிவிட்டுப் புரட்டுங்கள். உடல் செங்குத்தாக நிற்கும் கணத்தில் பிட்ச் 0, தலைகீழில் மைனஸ், மறுபடி செங்குத்தில் 0, நிமிர்ந்ததும் பிளஸ். இந்தத் தாளம் சிமுலேட்டரில்தான் கைக்கு வரும்; களத்தில் பழகினால் பிளேடுக்கே காசு போய்விடும்.

இன்னொன்று: இங்குள்ள செம்மண் தூசி பேரிங்கைத் தின்றுவிடும். அகலமான பலகை போட்டு அதில் இறக்குங்கள்.