'கார்டி' என்ற பெயருக்கு ஸ்வெட்டரில் வேர் தேட வேண்டாம்

வேல்ஸின் மேற்குக் கடலோரத்தில் உள்ள கெரெடிகியோன் மாவட்டத்துக்காரர்களை மற்ற வேல்ஸ்காரர்கள் 'கார்டி' என்பார்கள். இந்தப் பட்டப்பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது ஸ்வெட்டரில்தான். முன்பக்கம் பொத்தான் வைத்த கார்டிகனையும் ஆங்கிலத்தில் சுருக்கி 'கார்டி' என்பதால், இது கம்பளி பின்னுகிறவர்களின் ஊர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த உடுப்புக்குப் பெயர் தந்தவர் 7ஆம் கார்டிகன் பிரபு ஜேம்ஸ் புருடெனல். 1854இல் கிரிமியப் போரின்போது பாலக்லாவாவில் குதிரைப்படையோடு பாய்ந்தவர். அவருடைய குடும்ப மாளிகை இங்கிலாந்தின் நார்தாம்டன்ஷையரில் இருந்தது. பிரபு பட்டத்தில் மட்டும்தான் வேல்ஸ் ஊர்ப்பெயர். உடுப்பு, பட்டப்பெயர் இரண்டுக்கும் மூலம் அந்த ஊர்ப்பெயரே. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை.

கார்டிகன் என்பது கெரெடிகியோன் ஆங்கில வாயில் மாறிய வடிவம். 'கெரெடிக்' என்ற ஆள்பெயரோடு 'இயோன்' விகுதி சேர்ந்து, கெரெடிக்கின் நாடு என்று பொருள் தருகிறது. Ceredigion என்ற எழுத்தை ஆங்கில முறையில் 'செரெடிஜியன்' என்று படித்தால் இந்தக் கெரெடிக் காணாமல் போய்விடுவார். வெல்ஷ் மொழியில் அந்த முதலெழுத்துக்கு எப்போதும் ககர ஒலிதான்.

சரி, யார் இந்தக் கெரெடிக்? வடக்கிலிருந்து வந்த குனெடா என்ற தலைவனின் பல மகன்களில் ஒருவர் என்பது பழைய மரபு. அதை அப்படியே வரலாறாக எழுதுவதும் தவறு. நாட்டுப்பெயர்களை விளக்குவதற்காகவே பின்னால் வந்தவர்கள் குனெடாவுக்கு இத்தனை மகன்களைக் கொடுத்திருக்கலாம் என்று ஐயப்படும் ஆய்வாளர்கள் உண்டு.

அப்புறம், கார்டிகன் என்ற சிறு நகரமும் அங்கே இருக்கிறது. வெல்ஷில் அதன் பெயர் அபெர்டெய்வி, அதாவது டெய்வி ஆற்றின் முகத்துவாரம். தலைநகர் கார்டிஃபுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, 'கார்டி' என்றாலே கஞ்சன் என்று அர்த்தம் எழுதிவைப்பது. அந்தக் கேலி வேல்ஸில் உண்டுதான். ஆனால் அது ஊர்ப்பெயர் மேல் பிறகு ஏறிய பொருள், சொல்லின் வேர் அல்ல. மேட்டுநிலமும் வளமில்லாத மண்ணும் உள்ள ஊரில் சிக்கனம் பார்க்காமல் யாரும் பிழைக்க முடியாது. அங்கிருந்து லண்டனுக்குப் போன பல குடும்பங்கள் 19ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் தெருத்தெருவாகப் பால் விற்றுத்தான் கடை வைத்தன.