அந்தமானில் முதல் ஸ்கூபா: காது வலிக்காமல் இறங்குவது எப்படி?

முதல் தடவை அந்தமான் போனபோது ஸ்கூபாவுக்கு (காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்குவது) கட்டிய காசு தண்ணீரில் போனது. நாலு மீட்டர்கூட இறங்கியிருக்க மாட்டேன். இடது காதில் ஊசி இறக்கியதுபோல் வலி. மேலே வந்துவிட்டேன். இரண்டாவது தடவை போனபோது அரை மணி நேரம் சுகமாக கீழே இருந்தேன். இடையில் கற்றுக்கொண்டதை எழுதிவைக்கிறேன். விமான டிக்கெட், தங்குமிடம் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

படி 1: ஸ்கூபா நாளை முதலில் குறியுங்கள்

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். பயணத்தின் முதல் பாதியிலேயே ஸ்கூபாவை வையுங்கள், கடைசி நாளில் வேண்டவே வேண்டாம். ஆழத்தில் மூச்சு விடும்போது நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும்போது அது குமிழாக வெளிவந்தால் ஆபத்து. ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை இறங்கியிருந்தால் 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும் என்பது பொதுவான விதி. நான் ஒரு முழு நாள் விடுவேன்.

படி 2: தீவுக்குப் போவது

போர்ட் பிளேர் இப்போது ஸ்ரீ விஜயபுரம் (2024இல் மாற்றினார்கள்). ஸ்கூபாவுக்குப் பெரும்பாலோர் போகும் ஹேவ்லாக் தீவு 2018 முதல் ஸ்வராஜ் த்வீப், நீல் தீவு ஷஹீத் த்வீப். ஊரில் யாரைக் கேட்டாலும் பழைய பெயர்தான் வரும், டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும். குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

ஹேவ்லாக்குக்குத் தனியார் படகும் உண்டு, அரசுக் கப்பலும் உண்டு. தனியார் படகு வேகமாகப் போகும். ஆனால் ஏசி பெட்டிக்குள் அடைத்து உட்கார வைத்துவிடுவார்கள். நேரம் இருந்தால் என் ஓட்டு அரசுக் கப்பலுக்கே. மேல்தளத்தில் நின்றால் பறக்கும் மீன்கள் கூட்டமாகத் தெறித்துப் போவதைப் பார்க்கலாம், வாந்தியும் வராது. கடல் சீறினால் இரண்டுமே ரத்தாகும். அதனால் விமானம் ஏறுவதற்கு முந்தைய இரவு ஸ்ரீ விஜயபுரத்தில் இருப்பதுபோல் திட்டமிடுங்கள்.

இன்னொன்று, அங்கே சூரியன் சீக்கிரம் மறைந்துவிடும். கடிகாரம் நம்முடையதேதான், ஆனால் தீவு சென்னைக்குக் கிழக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. குளிர்காலத்தில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டு. ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம் பார்க்க ஆறு மணிக்குப் போய் நின்ற ஆள் நான்.

படி 3: படிவத்தில் பொய் சொல்லாதீர்கள்

இறங்கும் முன் உடல்நலப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை சிகிச்சை, கர்ப்பம் எதுவானாலும் மறைக்காமல் எழுதுங்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு ஸ்கூபா வேண்டாம். மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு போனால், ஆழத்தில் இருக்கும்போதே மாத்திரையின் வேகம் இறங்கி மூக்கு மறுபடி அடைத்துக்கொள்ளலாம்.

நீச்சல் தெரிய வேண்டியதில்லை. முதல் தடவை இறங்குபவர்களைப் பயிற்சியாளர் பிடித்துக்கொண்டேதான் போவார், 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போக மாட்டார்.

படி 4: காது (நிதானமாகப் படியுங்கள்)

நான் தவறியது இங்கேதான். "காது வலித்தால் மூக்கைப் பிடித்து ஊதுங்கள்" என்று சொன்னார்கள். நானும் வலிக்கட்டும் என்று காத்திருந்தேன். வலித்ததும் ஊதினேன். திறக்கவில்லை. இன்னும் பலமாக ஊதினேன். ம்ஹூம். காது ஒரு வாரம் அடைத்தே இருந்தது.

விஷயம் இதுதான்: கடல் மட்டத்தில் இருக்கும் அழுத்தம் 10 மீட்டர் ஆழத்தில் இரண்டு மடங்காகிவிடுகிறது. செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் காற்று சுருங்க, செவிப்பறை உள்ளே இழுபடுகிறது. தொண்டையிலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் வழியாக நாம் காற்றை அனுப்பி ஈடுகட்ட வேண்டும். வலி வரும் அளவுக்கு விட்டுவிட்டால் அந்தக் குழாயின் வாய் அழுந்தி மூடிக்கொள்ளும், பிறகு எவ்வளவு ஊதியும் பயனில்லை.

அதனால் வலிக்கும் முன்பே தொடங்குங்கள். தண்ணீருக்கு மேலே இருக்கும்போதே ஒரு முறை. அப்புறம் ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒரு முறை. மூக்கைப் பிடித்து, பலூன் ஊதுவதுபோல் அல்லாமல், மெல்ல ஊதுங்கள். காதில் 'டக்' என்று கேட்டால் சரி. கேட்கவில்லையா? எச்சில் விழுங்கிப் பாருங்கள், தலையை நிமிர்த்திப் பாருங்கள். அப்படியும் முடியவில்லையென்றால் ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். பயிற்சியாளர் அவசரப்பட்டால் கையைத் தட்டையாக நீட்டி இப்படியும் அப்படியும் ஆட்டி, காதைச் சுட்டிக்காட்டுங்கள். அவர் நிற்பார். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் மெல்ல ஊதிப் பழகுங்கள்.

மூச்சை மட்டும் எக்காரணம் கொண்டும் அடக்காதீர்கள். அடக்கிக்கொண்டு மேலே ஏறினால் நுரையீரலில் இருக்கும் காற்று விரியும்.

படி 5: கட்டைவிரல்

கீழே கோமாளி மீனைப் பார்த்த பரவசத்தில் கட்டைவிரலை உயர்த்தி 'சூப்பர்' என்று காட்டினேன். பயிற்சியாளர் உடனே என்னை மேலே தூக்க ஆரம்பித்துவிட்டார். ஸ்கூபாவில் கட்டைவிரல் என்றால் 'மேலே போகலாம்'. நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்து வட்டம் போடுங்கள்.

மற்றவை

ஸ்கூபா வேண்டாதவர்கள் ஹேவ்லாக்கிலேயே இருக்கும் எலிபெண்ட் கடற்கரைக்குப் படகில் போய் ஸ்நார்க்கெலிங் (மூச்சுக் குழாயோடு மேலே மிதந்தபடி கீழே பார்ப்பது) செய்யலாம். பவளப்பாறை மேல் கால் வைக்காதீர்கள், உடைந்த துண்டைக்கூட பைக்குள் போடாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். கடற்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் அது சும்மா வைத்ததில்லை.

பின்சேர்க்கை: முகமூடிக்குள் தண்ணீர் புகுந்துகொண்டே இருந்தது என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மூன்று பேருக்கும் பெரிய மீசை! ரப்பர் விளிம்பு தோலில் ஒட்டாமல் முடிமேல் உட்கார்ந்தால் கசியத்தான் செய்யும். மூக்குக்குக் கீழே ஒரு கோடு அளவுக்கு மழித்துக்கொள்ளுங்கள். மனம் வராவிட்டால், முகமூடியின் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்திப் பிடித்து மூக்கு வழியாக ஊதுங்கள், தண்ணீர் கீழ்ப்பக்கமாக வெளியேறிவிடும். இதை இடுப்பளவுத் தண்ணீரில் நாலைந்து முறை செய்து பார்த்துவிட்டு இறங்குங்கள்.