வயிறு நிறைந்த பிறகு செண்டோலா? பினாங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்திருந்தது. பாலத்தைத் தாண்டி ஜார்ஜ்டவுனுக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டு. எல்லோருக்கும் கொலைப்பசி. நேராகச் சோறும் பல குழம்பும் பரிமாறும் நாசி கண்டார் கடைக்குப் போய் கோழி, மீன் முட்டை, வெண்டைக்காய் என்று அடுக்கி, அதன்மேல் குழம்பை வெள்ளமாக ஊற்றிச் சாப்பிட்டார்கள். கை கழுவிய ஈரம் காயும் முன் லெபோ கெங் குவீ சந்தில் செண்டோல் என்கிற தேங்காய்ப்பால் ஐஸ் இனிப்புக்கு வரிசை பிடித்தார்கள். உச்சி வெயிலில் அரை மணி நேரம். கிண்ணம் கைக்கு வந்ததும் சித்தி மூன்று கரண்டி சாப்பிட்டுவிட்டு வைத்துவிட்டார். “பேருதான் பெருசா இருக்கு. அப்படி ஒன்னும் இல்லையேப்பா” என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. செண்டோலில் குறையே இல்லை. காரமும் எண்ணெயும் ஏறிய நாக்குக்குத் தேங்காய்ப்பாலின் மெல்லிய உப்புச் சுவை எட்டவே எட்டாது. நிறைந்த வயிற்றுக்கு எந்த இனிப்பும் திகட்டத்தான் செய்யும். வெளியூரிலிருந்து வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதே வரிசையில்தான் சாப்பிடுகிறார்கள்: முதலில் சாப்பாடு, கடைசியில் இனிப்பு. பினாங்கில் இனிப்புக்குத் தனி வேளை உண்டு. அந்த வேளையை முதலில் குறித்துக்கொண்டு, சாப்பாட்டை அதற்கு முன்னும் பின்னும் நகர்த்தி வையுங்கள். சித்தப்பா குடும்பத்தை மறுநாள் அப்படித்தான் அழைத்துப் போனேன். காலையில் இரண்டே இரண்டு ரொட்டி சானாய், பதினொன்றரைக்குச் செண்டோல், சாப்பாடு இரண்டு மணிக்கு மேல். சித்தி கிண்ணத்தின் அடிவரை வழித்துச் சாப்பிட்டார்.

வேளை என்றேன் அல்லவா, அதைத் தெரிந்துகொள்ளாமல் வருவது அடுத்த தவறு. கூவே என்கிற பலகார வகைகள் காலைச் சந்தையின் பொருள். பத்து, பதினொரு மணிக்குள் நல்லவை தீர்ந்துவிடும். மதியம் போய்க் கேட்டால் தட்டில் ஓரம் காய்ந்தவைதான் மிஞ்சியிருக்கும். புட்டு மாயம், அதாவது நம்ம இடியாப்பமேதான், தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையுமாகப் பசியாறும் நேரத்தில் கிடைக்கும். செண்டோலுக்கும் ஐஸ் கச்சாங்குக்கும் உச்சிப் பொழுது. சூடான இனிப்புக் கஞ்சிகளுக்கு இரவு. சீனர்களின் டோங் சுவி வேண்டுமென்றால் பொழுது சாய்ந்த பின் கிம்பர்லி ஸ்திரீட் பக்கம் போக வேண்டும். தனி ஆளாக ஒட்டுக்கடை நடத்துபவர்கள் வாரத்தில் ஒரு நாளாவது அடைத்துவிடுவார்கள். எந்த நாள் என்பது கடைக்குக் கடை மாறும். அதனால் ஒரே ஒரு கடையை நம்பிப் பயணத்தை அமைக்காதீர்கள். சனி, ஞாயிறும் பள்ளி விடுமுறையும் கூட்டத்தின் நாட்கள். முடிந்தவர்கள் செவ்வாய், புதனில் வாருங்கள்.

செண்டோல் சாப்பிடும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சீவிய ஐஸ், பாண்டான் இலையின் பச்சை நிறத்தில் அரிசி மாவுப் புழுக்கள், வேகவைத்த சிவப்புப் பயறு, தேங்காய்ப்பால், குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லப் பாகு. இவ்வளவுதான். பாகு கனமானது, அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலாக அள்ளிச் சாப்பிடுகிறவர்கள் முதல் பாதியில் சப்பென்று இருக்கிறதே என்பார்கள், அடிக்கு வந்ததும் தித்திப்புத் தாங்கவில்லை என்பார்கள். கரண்டியை அடிவரை இறக்கி, பாகை இரண்டு முறை மேலே புரட்டிவிட்டால் போதும். கலக்கோ கலக்கு என்று கலக்கவும் கூடாது. ஐஸ் சீக்கிரம் உருகிப் பால் நீர்த்துவிடும். நம் ஊர் வெயிலில் அந்தக் கிண்ணத்துக்கு ஐந்து நிமிடம்தான் ஆயுள். ஒருமுறை பக்கத்தில் நின்ற ஓர் இளம் ஜோடி கிண்ணத்தை அப்படித் திருப்பி இப்படித் திருப்பிப் படம் எடுத்து முடிப்பதற்குள், குன்றாக இருந்த ஐஸ் விளிம்புக்குக் கீழே இறங்கிவிட்டது. பச்சைப் புழுக்கள் சாம்பல் நிறத் தண்ணீரில் மிதந்தன. அதைத்தான் அவர்கள் குடித்துவிட்டுப் போனார்கள். ஒரு படம் எடுங்கள், போதும்.

அந்தச் சந்தில் எதிரெதிராக இரண்டு செண்டோல் கடைகள் உண்டு. எங்கே வரிசை நீளமோ அங்கேதான் ருசி என்று நினைத்து நிற்கிறவர்கள் அதிகம். பெற்றோரையோ குழந்தைகளையோ கூட்டிக்கொண்டு போனால் வரிசை குறைந்த பக்கம் நில்லுங்கள். ஒரு மணி நேர வெயிலை ஈடுகட்டும் அளவுக்கு வித்தியாசம் எதையும் என் நாக்கு இதுவரை கண்டதில்லை.

செண்டோலோடு திரும்பிவிடுவதும் தவறுதான். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் சௌராஸ்தா சந்தை. அதை ஒட்டிய லெபோ தமிழில் ஐஸ் திங்காப் கிடைக்கும். திங்காப் என்றால் ஜன்னல்; அந்தக் காலத்தில் ஜன்னல் வழியாக விற்றதால் வந்த பெயர். ரோஜா சர்பத்தில் இளநீர் வழுக்கையும் சப்ஜா விதையும் மிதக்கும். நம் தெருவின் பானம், நம்மவர்களே தெரியாமல் கடந்து போகிறார்கள்.

நியோன்யா கூவேயைப் பார்த்ததும் நம் ஆட்கள் “கலர் போட்டிருக்கான்” என்று ஒதுங்குவார்கள். முறையாகச் செய்த பூலுட் தாய் தாயின் நீலம் சங்குப்பூவிலிருந்து வருகிறது. நம் வீட்டு வேலியில் படர்கிற அதே பூ. பூச்சாற்றில் நிறமேறிய பசையரிசியைத் தேங்காய்ப்பாலோடு ஆவியில் வேகவைத்து, அழுத்தித் துண்டு போட்டு, மேலே காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம் தடவித் தருவார்கள். ஒண்டே ஒண்டேயை இங்கே பூவா மலாக்கா என்போம். பச்சை நிறக் குட்டிக் கொழுக்கட்டை, மேலே தேங்காய்ப்பூ, உள்ளே உருகிய குலா மலாக்கா. பாதியாகக் கடித்தால் பாகு சட்டையில் தெறிக்கும். முழுசாக வாயில் போட்டு, உதட்டை மூடிக்கொண்டு கடிக்க வேண்டும். அந்த ஒரு கணத்துக்காகவே காலை ஏழு மணிக்கு எழுந்து சந்தைக்குப் போகலாம்.

இனி, கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு வருந்துகிற விஷயங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் நாசி கண்டார் கடையில் “குவா சம்பூர்” என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றுங்கள் என்பது அதன் பொருள். அந்த எல்லாவற்றிலும் மாட்டுக் குழம்பும் அடக்கம். பரிமாறுகிறவர் கை ஒரு சட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் பறக்கும். நாம் சொல்லாமல் அவருக்குத் தெரியாது. கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவடித் தண்டு. அதில் சோறும் குழம்பும் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்களின் கையிலிருந்து வந்த சாப்பாடு இது. கடைக்காரருக்குத் தமிழ் தெரிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. “பாய், மாட்டுக் குழம்பு வேணாம், கோழிக் குழம்பு மட்டும் ஊத்துங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மலாயில் என்றால் “தாக் மாவ் குவா டாகிங்.”

சைவர்களுக்கு “சாயூர்” என்ற ஒரு சொல் போதாது. சாயூர் என்றால் காய்கறி, அவ்வளவுதான். அதைப் பெலாச்சான் என்கிற இறால் விழுதில் வதக்கியிருக்கலாம், மேலே நெத்திலி தூவியிருக்கலாம். முட்டை, மீன், இறால் மூன்றும் வேண்டாம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இனிப்பிலும் கவனம் தேவை. காயாவில் முட்டை உண்டு. அகார் அகார் கடற்பாசியில் செய்வது, பயமில்லை. ஜெலாட்டின் விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. வீட்டுக்கு வாங்கிப் போகிற தவ் சார் பியா பிஸ்கட்டில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய முறை. தாவர எண்ணெயில் செய்பவர்களும் இருக்கிறார்கள், பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். முஸ்லிம் நண்பர்களோடு போகும்போது இன்னொன்று: “போர்க் ஃப்ரீ” பலகை ஹலால் சான்றிதழ் ஆகாது. அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம் தரும் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

கோப்பிக் கடையில் வெளியூர்க்காரர்கள் தடுமாறுவது தண்ணி, அதாவது பானங்கள் விஷயத்தில். உணவு விற்பவர்கள் ஒட்டுக்கடைக்காரர்கள். மேசையும் நாற்காலியும் தண்ணி விற்கிறவருடையது. ஆளுக்கொரு தண்ணியாவது வாங்குவதுதான் முறை. வெளியே வாங்கிய உணவைக் கொண்டுவந்து அங்கே உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். உட்காருமுன் மேசை எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டுக்கடையில் அதைச் சொன்னால்தான் தட்டு உங்களைத் தேடி வரும். இனிப்பு தேடி வந்த நாளில் “கோசோங்” என்று கேட்டால் சர்க்கரை இல்லாமல் கிடைக்கும், “கூராங் மானிஸ்” என்றால் குறைத்துப் போடுவார்கள். 2023 தேசியச் சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் வீடுகளில் அது யார் யாருக்கு என்று நமக்கே தெரியும். அப்பாவுக்குத் தனிக் கிண்ணம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பாதியில் பிடுங்குவதைவிட, ஒரு கிண்ணத்தில் இரண்டு கரண்டி கேளுங்கள். இங்கே யாரும் அதைத் தவறாக நினைக்கமாட்டார்கள்.

விலை கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒரு கடையில் பெரிய இறால் ஒன்றைக் கேட்காமல் தட்டில் வைக்கச் சொல்லி, மற்றவை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்ததைவிட அந்த ஒன்றுக்கே அதிகமாகக் கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு. மீன், இறால், நண்டு என்றால் முதலில் விலை, பிறகு தட்டு. குளிர்சாதன கஃபேக்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் ஆறு விழுக்காடு சேவை வரியும் சேரும் என்று பொருள். 20 வெள்ளி (ரிங்கிட்) கேக் 23 வெள்ளியைத் தாண்டிவிடும். சில்லறை நோட்டும் கொஞ்சம் வைத்திருங்கள். கியூஆர் வைத்திருக்கும் கடைகள் பெருகிவிட்டன, ஆனால் எல்லா ஒட்டுக்கடையிலும் இருக்கும் என்று எண்ணி வெறுங்கையோடு வராதீர்கள்.

காரை அந்தச் சந்துகளுக்குள் விட முயல வேண்டாம். கொம்தார் கட்டடத்தில் நிறுத்திவிட்டு நடங்கள், அல்லது நகருக்குள் இலவசமாக ஓடும் கேட் பேருந்தில் ஏறுங்கள்.

ஊருக்குப் பொட்டலம் கட்டுவதிலும் ஒரு வார்த்தை. செண்டோலை ஐஸோடு கட்டி வாங்கினால் பாலம் தாண்டுவதற்குள் தண்ணீர்தான். “ஐஸ் ஆசிங்” என்று சொல்லி ஐஸைத் தனியாகக் கட்டித் தருகிறார்களா என்று கேளுங்கள். தேங்காய்ப்பால் வெயிலில் சீக்கிரம் புளிக்கும், அதனால் அதுவும் பக்கத்தில் தங்கியிருப்பவர்களுக்கு மட்டுமே. கூவேயை மிச்சம் பிடித்துக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். பசையரிசி இறுகி மறுநாள் ரப்பராகிவிடும். அன்று சாப்பிடக் கூடியதை மட்டும் வாங்குங்கள். கோலாலம்பூர் வரை கொண்டுபோக வேண்டுமென்றால் தவ் சார் பியா போதும். சித்தி கிளம்பும்போது பூவா மலாக்கா இரண்டு பெட்டி கேட்டார். ஒன்றுதான் வாங்கிக் கொடுத்தேன். ஈப்போ வருவதற்குள் காலி என்று வழியிலேயே போன் வந்தது.