‘லிட்டில் ஃபயர்ஸ் எவ்ரிவேர்’ படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செலஸ்ட் இங் எழுதி 2017-இல் வந்த இந்த நாவலை இரண்டே நாளில் படித்து முடித்துவிட்டு, “நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா முடிவு முதல்லயே தெரிஞ்சுபோச்சே” என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். செலஸ்ட் இங் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார். ரிச்சர்ட்சன் குடும்பத்தின் கடைக்குட்டி இஸ்ஸி வீட்டைக் கொளுத்திவிட்டாள் என்று ஊர் பேசுவதாக முதல் வாக்கியமே சொல்கிறது. அதனால் துப்பறியும் கதை மாதிரி பக்கம் புரட்டாதீர்கள். அந்த வீட்டில் இஸ்ஸியிடம் யார் எப்படிப் பேசுகிறார்கள், எதற்கெல்லாம் அவளைத் திட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, ஊரைப் பற்றி வரும் பத்திகளை வெறும் வர்ணனை என்று தாண்டிப்போவது. கதை நடப்பது 1990-களின் பிற்பகுதியில், ஒஹாயோ மாநிலத்தில் க்ளீவ்லேண்டை ஒட்டிய ஷேக்கர் ஹைட்ஸில். நிஜமான ஊர்தான், இங் பள்ளி நாட்களில் அங்கேதான் வளர்ந்தார். வான் ஸ்வெரிங்கன் சகோதரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திட்டம்போட்டுக் கட்டிய புறநகர் அது. வீட்டுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்பதற்குக்கூட அங்கே விதி உண்டு, குப்பைத் தொட்டி தெருப்பக்கம் தெரியவே கூடாது. அந்த இடத்தில் முன்பு இருந்தவர்கள் ஷேக்கர்கள் என்ற மதப் பிரிவினர், 1822 முதல் 1889 வரை. திருமணமும் பிள்ளைப்பேறும் வேண்டாமென்று வாழ்ந்து, ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர்கள். இது தெரிந்தபின், ஒரு குழந்தை பெற்றவளுக்கா வளர்ப்பவர்களுக்கா என்று நாவலில் வழக்கு நடக்கும்போது அந்த ஊர்ப் பெயரே வேறு மாதிரி ஒலிக்கும்.

இன்னொன்று. “இங்கே யாரும் இனம் பார்ப்பதில்லை” என்ற தோரணையில் அந்த ஊர்க்காரர்கள் பேசுவதை அப்படியே நம்பிவிடாதீர்கள், அதற்காகப் பொய் என்று ஒதுக்கவும் வேண்டாம். வீட்டுப் பத்திரத்தில் நிபந்தனை போட்டுக் கறுப்பினத்தவரையும் யூதர்களையும் வெளியே வைத்திருந்த ஊர் அது. அதே ஊரில்தான் 1950-களின் பிற்பகுதியில் லட்லோ என்ற பகுதியில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து சங்கம் அமைத்து, கலந்து வாழ்வதற்காகப் பாடுபட்டார்கள். அந்தப் பெருமையும் உண்மை, அதற்குள் ஒளிந்திருக்கும் குருட்டுத்தனமும் உண்மை. இஸ்ஸியின் அம்மா திருமதி ரிச்சர்ட்சன் இரண்டுக்கும் நடுவில் நிற்பவர், அவரை வில்லியாக்கி, அவரது வாடகை வீட்டுக்கு மகளோடு குடிவரும் கலைஞர் மியாவைத் தெய்வமாக்கினால் பாதி நாவல் கையைவிட்டுப் போய்விடும். மியாவை ‘மியா’ என்று சொல்லும் கதைசொல்லி, ரிச்சர்ட்சனை மட்டும் பெரும்பாலும் ‘திருமதி’ போட்டே சொல்கிறார், கவனித்தீர்களா? மியாவும் மகளிடம் மறைத்த விஷயங்கள் சின்னவை இல்லை.

அப்புறம், 2020-இல் வந்த எட்டு எபிசோடு தொடரைப் பார்த்துவிட்டுப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தொடரில் மியா கறுப்பினப் பெண், நாவலில் அவர் இனம் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. தீ வைத்தது யார் என்பதையே தொடரில் மாற்றிவிட்டார்கள். முடிந்தால் நாவலை முதலில் படியுங்கள். தொடரைப் பார்த்தாகிவிட்டது என்றால், நடுவில் மியாவின் இளமைக்காலத்தைச் சொல்லும் நீண்ட அத்தியாயத்தை மட்டுமாவது அவசரப்படாமல் படியுங்கள், கதை நின்றுவிட்டது என்று பலர் புத்தகத்தை மூடிவைக்கும் இடம் அதுதான்.